பஃபர் காப்பியில் ஜிபியு மெமரி கசிகிறதா? நான்கு சோதனை வழிகள், ஓர் ஒப்பீடு

மாலையில் ஓடவிட்ட நிரல் இரவெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. விடியும்போது ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று நின்று கிடக்கிறது. ஜிபியுவுக்கு (கிராஃபிக்ஸ் கார்டின் கணிப்பானுக்கு) டேட்டாவைக் காப்பி செய்யும் பகுதியில் எங்கோ கசிவு, அதாவது வாங்கிய மெமரி திரும்பாமல் தங்குகிறது, என்று சந்தேகம் வருகிறது. சரி, ஒரு டெஸ்ட் எழுதி இனி இது நடக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால், எதைக் கொண்டு அளப்பது என்பதிலேயே பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். என்விடியாவின் என்விடியா-எஸ்எம்ஐ கருவி காட்டும் எண்ணா, பைடார்ச் என்ற பைத்தான் லைப்ரரி சொல்லும் எண்ணா, மெமரிப் பிழைகளைத் தேடும் கம்ப்யூட் சானிடைசர் கருவியா, அல்லது நிரலை நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்ப்பதா? நான்கும் நான்கு விதமாகப் பதில் சொல்லும். சில சமயம் ஒன்றுக்கொன்று முரணாகவும் சொல்லும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெமரியைப் பிரித்துக் கொடுப்பது யாரோ, கணக்கை அவரிடம்தான் கேட்க வேண்டும். பைடார்ச்சின் அலோகேட்டர் கொடுத்தால் அதனிடம். உங்கள் சி++ நிரல், கூடாவில் (என்விடியா ஜிபியுவுக்கு நிரல் எழுதும் தளம், CUDA) மெமரி வாங்கும் அழைப்பான கூடா மேலாக்கை நேரடியாக அழைத்தால் சானிடைசரிடம். டிரைவர் சொல்லும் எண்ணை இரண்டாவது சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் கீழே வருவது. பேசப்போவது பெரும்பாலும் என்விடியா, கூடா, பைடார்ச் பற்றி. வல்கன் என்ற கிராஃபிக்ஸ் இடைமுகத்தில் வேலை செய்பவர்களுக்கும் கடைசிப் பகுதியில் கொஞ்சம் இருக்கிறது. எம்பி என்று நான் எழுதும் இடமெல்லாம் 1024 × 1024 பைட்.

## காப்பி செய்யும்போது எண் ஏன் ஏறுகிறது

எண் ஏறினால் உடனே கசிவு என்று முடிவு கட்டக் கூடாது. ஒரே ஒரு காப்பிக்குப் பின்னால் பல விஷயங்கள் நடக்கின்றன.

1024 × 1024 அளவுள்ள 32 பிட் ஃப்ளோட் டென்சர் (எண்களின் அட்டவணை) ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது 4 எம்பி. இதை ஜிபியுவுக்குக் காப்பி செய்தால் சேருமிடத்தில் 4 எம்பி பஃபர் (டேட்டாவுக்காக ஒதுக்கிய மெமரித் துண்டு) பிறக்கும். அது எல்லோருக்கும் தெரியும். டென்சர் மெமரியில் தொடர்ச்சியாக இல்லாமல் இருந்தாலோ, போகும் வழியில் டைப் மாறினாலோ, பைடார்ச் நடுவில் ஒரு தற்காலிகப் பஃபரை உருவாக்கும். வேறொரு ஜிபியுவுக்கு முதல்முறையாகக் காப்பி செய்தால் அந்த ஜிபியுவில் புதிதாக ஒரு கூடா கான்டெக்ஸ்ட் (நிரலுக்கான பணிச்சூழல்) எழும்பும். அதுவே சில நூறு எம்பி பிடித்துக்கொள்ளும். ஏதாவது ஒரு கெர்னல் (ஜிபியுவில் ஓடும் செயல்பாடு) முதன்முறையாக ஓடினாலும் மெமரி கொஞ்சம் போகும், ஏனென்றால் கூடா 11.7-இல் அறிமுகமாகி, லினக்ஸில் 12.2 முதல் இயல்புநிலையான சோம்பல் ஏற்ற முறையில், கெர்னல் குறியீடு தேவைப்படும் நேரத்தில்தான் ஜிபியுவுக்குள் ஏறுகிறது.

இவை எதுவும் கசிவு அல்ல. ஒருமுறை ஏறி அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு காப்பிக்கும் எண் ஏறிக்கொண்டே போய், யாரும் அதைத் திருப்பித் தரப்போவதில்லை என்றால் அதுதான் கசிவு. ஆகவே நல்ல டெஸ்ட் ஒன்று முன்னே-பின்னே வித்தியாசத்தைவிட ஏற்றத்தின் போக்கைப் பார்க்க வேண்டும். 100 காப்பிக்குப் பின், 200-க்குப் பின், 300-க்குப் பின் என்று மூன்று இடத்தில் எண்ணை எடுங்கள். கேஷ் (மறுபயன்பாட்டுக்காகப் பிடித்து வைத்த மெமரி) என்றால் முதல் இடத்திலேயே ஏறித் தட்டையாகிவிடும். கசிவு என்றால் மூன்றிலும் ஏறும்.

## எந்த அளவுகோலில் எடை போடுவது

வழிகளை ஒப்பிடும் முன் எதைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

- நுணுக்கம்: எவ்வளவு சிறிய கசிவு வரை கண்ணில் படும்?
- பொய் எச்சரிக்கை: கசிவே இல்லாதபோது எத்தனை முறை கத்தும்? அடிக்கடி கத்தும் டெஸ்டை அணியில் யாரோ ஒருவர் ஒரு நாள் அணைத்துவிடுவார். பிறகு அது இருந்தும் இல்லாததுபோல்தான்.
- இடம்: கசிவு என்று சொல்வதோடு நிற்குமா, எந்த வரி என்றும் காட்டுமா?
- செலவு: நேரம், இயந்திரம், அதை அமைத்துப் பராமரிக்கும் உழைப்பு.
- குருட்டுப் புள்ளி: எந்த வகைக் கசிவு இதற்குத் தெரியவே தெரியாது?

கடைசி அளவுகோலுக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். மற்ற நான்கையும் ஓடவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். குருட்டுப் புள்ளி மட்டும் பச்சை டிக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

## வழி 1: டிரைவரிடம் கேட்பது

கூடா மெம் கெட் இன்ஃபோ என்ற அழைப்பு, ஜிபியுவில் மொத்தம் எவ்வளவு, காலி எவ்வளவு என்று இரண்டு எண்களைத் தரும். பைடார்ச்சில் இதே எண்கள் டார்ச்.கூடா.மெம் கெட் இன்ஃபோ வழியாகக் கிடைக்கும். என்விடியா-எஸ்எம்ஐயும் இதே மட்டத்து எண்ணைத்தான் காட்டுகிறது.

இதன் பலம், எந்த லைப்ரரி பிடித்திருந்தாலும் எண்ணில் வந்துவிடும் என்பது. பைடார்ச், கூபை (ஜிபியுவில் கணக்கிடும் இன்னொரு பைத்தான் லைப்ரரி), நீங்களே எழுதிய சி++ நீட்சி எல்லாம் ஒரே கணக்கில் சேரும். எழுதுவதும் சுலபம், நான்கு வரி.

பலவீனம் நுணுக்கத்தில். டிரைவர் பெரிய துண்டாகக் கொடுக்கிறது, அலோகேட்டர் அதைச் சிறிதாக வெட்டிக் கொடுக்கிறது. மண்டியில் அரிசியை மூட்டையாக வாங்கி வந்து வீட்டில் படியால் அளப்பதைப் போலத்தான். மூட்டையை எண்ணினால் எத்தனை படி குறைந்தது என்று தெரியாது.

பைடார்ச்சின் இயல்பான அமைப்பில் 1 எம்பி வரையான கோரிக்கைகள் 2 எம்பி துண்டுகளிலிருந்து போகின்றன. 1 முதல் 10 எம்பி வரையானவை 20 எம்பி துண்டுகளிலிருந்து போகின்றன. அப்படியானால் நம் 4 எம்பி டென்சர் ஒவ்வொரு காப்பிக்கும் கசிந்தாலும், டிரைவர் எண் ஐந்து காப்பிக்கு ஒருமுறைதான் 20 எம்பி தாவும். 1 கேபி பஃபர் கசிந்தால் 2048 காப்பி ஓடிய பிறகே ஓர் அசைவு தெரியும். பத்து முறை ஓட்டிப் பார்த்துவிட்டு வித்தியாசம் இல்லை என்று எழுதும் டெஸ்ட் எதையும் நிரூபிக்கவில்லை.

மறைமுகச் செலவும் உண்டு. இந்த எண் ஜிபியு முழுமைக்கும் பொதுவானது. அதே ஜிபியுவில் வேறொருவரின் வேலை ஓடினாலோ, உங்கள் டெஸ்டுகளே இணையாகப் பல ப்ராசஸ்களில் ஓடினாலோ, காலி எண் உங்களுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஏறி இறங்கும். அப்போது டெஸ்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, தனி ஜிபியுவில் ஓட்ட வேண்டியிருக்கும். என்விடியா-எஸ்எம்ஐயை ப்ராசஸ் வாரியாகப் பார்க்கலாமே என்றால், விண்டோஸில் டபிள்யூடிடிஎம் என்ற டிரைவர் முறையில் அந்த இடம் காலியாகவே வரும். கூகுளின் ஜாக்ஸ் லைப்ரரியைப் பயன்படுத்துபவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். அது இயல்பாகவே ஜிபியு மெமரியில் 75 சதவீதத்தைத் தொடக்கத்திலேயே பிடித்து வைத்துக்கொள்வதால், உள்ளே எது கசிந்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எண் அசையாது.

எப்போது இது சரி: நீங்கள் எழுதாத, உள்ளே கை வைக்க முடியாத லைப்ரரி ஒன்றைச் சந்தேகிக்கும்போது. பல அலோகேட்டர்கள் ஒரே ப்ராசஸில் கலந்திருக்கும்போது. ஜிபியு உங்களுக்கு மட்டுமே சொந்தமாக இருக்கும்போது.

## வழி 2: அலோகேட்டரிடம் கேட்பது

பைடார்ச் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலோருக்கு இதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

டார்ச்.கூடா.மெமரி அலோகேட்டட் என்ற எண், இந்தக் கணத்தில் உயிரோடிருக்கும் டென்சர்கள் பிடித்திருக்கும் பைட்டுகளைச் சொல்கிறது. 512 பைட்டின் மடங்காக மேல்நோக்கிக் கணக்கிடும். ஆக 1000 பைட் கேட்டால் 1024 என்று வரும். நுணுக்கம் என்றால் இதுதான். ஒரே ஒரு காப்பி கசிந்தாலும் தெரியும். உங்கள் ப்ராசஸை மட்டும் எண்ணுவதால் பக்கத்து வேலை குழப்பாது. இணையாக டெஸ்ட் ஓட்டலாம், மில்லி விநாடிகளில் முடியும்.

இதோடு வரும் மெமரி ரிசர்வ்ட் என்ற எண்ணைக் கசிவுக்கு ஆதாரமாக எடுக்க வேண்டாம். அது அலோகேட்டர் டிரைவரிடம் வாங்கி வைத்திருக்கும் மொத்தம். டென்சர் போன பிறகும் கேஷில் நிற்கும். எம்ப்டி கேஷ் அழைத்தால் அது குறையும், ஆனால் உயிரோடிருக்கும் டென்சர் ஒன்றையும் அது விடுவிக்காது. கசிவைச் சரிசெய்ய எம்ப்டி கேஷை லூப்புக்குள் போட்டு வைப்பவர்கள் நிறைய. வேகம் குறைவதுதான் மிச்சம், கசிவு அங்கேயேதான் இருக்கும்.

கூபையில் இதற்கு இணையானது அதன் மெமரி பூலின் (முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைத்த மெமரியின்) யூஸ்ட் பைட்ஸ். என்விடியாவின் ராபிட்ஸ் லைப்ரரிக் குடும்பத்தின் மெமரி மேலாளரான ஆர்எம்எம் பயன்படுத்தினால் அதன் டிராக்கிங் அடாப்டர் இன்னும் ஒரு படி மேலே போய், திரும்பாத ஒவ்வொரு ஒதுக்கீட்டையும் அதை யார் கேட்டார்கள் என்ற அழைப்புச் சங்கிலியோடு பட்டியலிடும். கூடா 11.2-இல் வந்த கூடா மேலாக் அசிங்க் வழியில் போகிறவர்கள், அந்தப் பூலிடம் ‘இப்போது பயன்பாட்டில் உள்ளது’, ‘இப்போது பிடித்து வைத்திருப்பது’ என்ற இரண்டு பண்புகளைத் தனித்தனியாகக் கேட்கலாம். கசிவுக்கு முதலாவதுதான் கணக்கு.

பைடார்ச்சில் கசிவு தெரிந்த பிறகு இடம் தேட, மெமரி வரலாற்றைப் பதிவு செய்து ஸ்னாப்ஷாட் கோப்பாக எடுக்கும் வசதி இருக்கிறது. பைடார்ச் தளத்திலுள்ள மெமரி விஸ் பக்கத்தில் அதை இட்டால் ஒவ்வொரு துண்டும் எந்த வரியில் பிறந்தது என்று படமாகத் தெரியும். இதை எல்லா டெஸ்டிலும் எப்போதும் ஓடவிட வேண்டியதில்லை; டெஸ்ட் விழுந்தால் மட்டும் ஸ்னாப்ஷாட்டோடு ஒருமுறை திரும்ப ஓட்டும்படி வைத்தால் போதும்.

இனி மறைமுகச் செலவுகள். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்த வழியில் வரும் எச்சரிக்கைகள், பொய்யோ மெய்யோ, பெரும்பாலும் பைத்தானின் ரெஃபரன்ஸ் சம்பந்தப்பட்டவை.

முதலாவது எக்செப்ஷன். பைடெஸ்டில் ‘ரெய்ஸஸ்’ வழியாகப் பிடித்த தகவலை ஒரு மாறியில் வைத்திருந்தால், அதனுள் டிரேஸ்பேக் இருக்கும். டிரேஸ்பேக்கில் ஃபிரேம் இருக்கும். ஃபிரேமில் உங்கள் டென்சர் உள்மாறியாக நின்றுகொண்டிருக்கும். அந்த மாறியை விடுவிக்காமல் எண்ணினால் கசிவு என்று காட்டும்.

இரண்டாவது கிரேடியன்ட். குளோன் செய்த டென்சரும், டூ மூலம் மாற்றிய டென்சரும் கணக்கீட்டு வரைபடத்தோடு (கிரேடியன்ட் கணக்கிடப் பைடார்ச் வைத்திருக்கும் பதிவோடு) ஒட்டியே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் லாஸை அப்படியே ஒரு லிஸ்டில் போட்டு வைத்தால், அந்தச் சிறு எண்ணுக்குப் பின்னால் ஒரு முழு வரைபடமும் உயிரோடு நிற்கும். இது பொய் எச்சரிக்கை அல்ல, உண்மையான கசிவுதான். முதலில் டீடாச் செய்து அப்புறம் குளோன் செய்தால் தீர்ந்தது.

மூன்றாவது வியூ. பெரிய டென்சரின் முதல் பத்து வரிசையை மட்டும் வெட்டி எடுத்து வைத்தால், அந்த வெட்டுத் துண்டு மூல 4 எம்பியையும் பிடித்துக்கொண்டிருக்கும். இங்கே காப்பி செய்யாததுதான் கசிவுக்குக் காரணம். அதேபோல, ஏற்கெனவே ஜிபியுவில் இருக்கும் டென்சரை ‘ஜிபியுவுக்கு மாற்று’ என்றால் பைடார்ச் காப்பியே எடுக்காது, அதே டென்சரைத் திருப்பித் தரும். காப்பி நடந்ததா என்பதையும் டெஸ்டில் ஒரு வரி சரிபார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நடக்காத காப்பி கசியவில்லை என்று சான்றிதழ் கொடுத்துவிடுவோம்.

நான்காவது ஸ்ட்ரீம், அதாவது ஜிபியு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வரிசை. வேறொரு ஸ்ட்ரீமில் பயன்படுத்தியதாக ரெக்கார்ட் ஸ்ட்ரீம் மூலம் குறித்த டென்சரை விடுவித்தால், அலோகேட்டட் எண் உடனே குறைந்துவிடும். ஆனால் அந்த ஸ்ட்ரீமின் வேலை முடியும் வரை துண்டு மறுபயன்பாட்டுக்கு வராது. ‘ஆக்டிவ்’ எண்ணில்தான் அது தெரியும். அசிங்க் காப்பிகளை (நிரல் காத்திராமல் பின்னணியில் ஓடுபவற்றை) சோதிக்கும்போது இரண்டையும் பாருங்கள்.

குருட்டுப் புள்ளி ஒன்று முக்கியமானது. சி++ நீட்சியில் யாரோ நேரடியாகக் கூடா மேலாக் அழைத்துப் பஃபர் வாங்கி, அதை ஃப்ரம் பிளாப் மூலம் டென்சராகப் போர்த்தி, விடுவிக்கும் செயலைக் கொடுக்க மறந்துவிட்டார் என்று வையுங்கள். டென்சர் போய்விடும், அடியிலுள்ள பஃபர் போகாது. அலோகேட்டருக்கு இது தெரியவே தெரியாது, அதன் கணக்கு சுத்தமாக இருக்கும். டிஎல்பேக் வழியாகக் கூபைக்கும் பைடார்ச்சுக்கும் இடையே பஃபரைப் பகிரும்போதும் இதையே நினைவில் வையுங்கள்: கூபை கொடுத்த பஃபர் பைடார்ச்சில் டென்சராக இருந்தாலும் கூபையின் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கும். இரண்டு பூல்களையும் கேட்க வேண்டும்.

பைடார்ச்சின் சொந்த டெஸ்ட் தொகுப்பு இதை எப்படிக் கையாள்கிறது என்பது பார்க்கத் தக்கது. அதிலுள்ள கசிவுச் சோதனை, முதலில் அலோகேட்டர் எண்ணை ஒப்பிடுகிறது. வித்தியாசம் இருந்தால் குப்பை சேகரிப்பை ஓட்டி, கேஷைக் காலி செய்து, மூன்று முறை வரை திரும்பப் பார்க்கிறது. அதன் பிறகு டிரைவர் எண்ணும் ஏறியிருந்தால் மட்டுமே டெஸ்டை வீழ்த்துகிறது. அலோகேட்டர் மட்டும் சொல்லி டிரைவர் ஆமோதிக்காவிட்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடுகிறது. ஆயிரக்கணக்கான டெஸ்டுகள் ஓடும் இடத்தில் பொய் எச்சரிக்கைக்கு எவ்வளவு பயப்பட வேண்டியிருக்கிறது என்பது இந்த அமைப்பிலேயே தெரிகிறது. சிறிய தொகுப்பு வைத்திருப்பவர்கள் இவ்வளவு தாராளமாக இருக்க வேண்டியதில்லை. அலோகேட்டர் எண் அச்சாகத் தொடக்க எண்ணுக்கே திரும்ப வேண்டும் என்றே கேட்கலாம்.

## வழி 3: கம்ப்யூட் சானிடைசர்

நேரடியாகக் கூடா மேலாக், கூடா ஃப்ரீ எழுதும் சி++ நிரலுக்கு இதை விட்டால் நல்ல துணை இல்லை. பழைய கூடா மெம்செக் கருவியின் இடத்துக்கு வந்தது. கூடா 12-இல் பழையது நீக்கப்பட்டுவிட்டது. சானிடைசருக்குள் இருக்கும் மெம்செக் கருவியில் லீக் செக்கை ‘ஃபுல்’ என்று வைத்து நிரலை அதன் கீழே ஓட்டினால், விடுவிக்கப்படாத ஒவ்வொரு ஒதுக்கீட்டையும் முகவரி, பைட் எண்ணிக்கை, ஒதுக்கிய இடத்தின் அழைப்புச் சங்கிலி ஆகியவற்றோடு அச்சிடும். ஒரு பைட் கசிந்தாலும் தப்பாது.

இரண்டு விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். ஒன்று, நிரலின் முடிவில் கூடா கான்டெக்ஸ்ட் முறையாக மூடப்பட வேண்டும். அதற்குக் கூடா டிவைஸ் ரீசெட் அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால் கசிவு அறிக்கை சரியாக வராது, நாம் கசிவே இல்லை என்று நினைத்துக்கொள்வோம். இரண்டு, கருவி கசிவைக் கண்டுபிடித்தாலும், எரர் எக்ஸிட்கோட் விருப்பத்தை நாம் கொடுக்காவிட்டால், நிரலின் வெற்றிக் குறியீட்டோடுதான் வெளியேறும். தானியங்கிச் சோதனை பச்சையாகவே இருக்கும், கசிவுச் செய்தி யாரும் படிக்காத லாக்கில் கிடக்கும். இந்த வழியைத் தேர்ந்தால் முதல் வேலையாக வேண்டுமென்றே ஒரு பஃபரைக் கசியவிட்டு, சிவப்பு வருகிறதா என்று பாருங்கள்.

செலவு, வேகம். கெர்னல்களின் ஒவ்வொரு மெமரி அணுகலையும் அது கண்காணிப்பதால் நிரல் நன்றாகவே மெதுவாகும். முழுப் பயிற்சி ஓட்டத்தை இதன் கீழ் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. காப்பி செய்யும் வகுப்புகளை மட்டும் சோதிக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி, இரவு ஓட்டத்தில் வைப்பதே சரி.

பைடார்ச்சோடு சேர்த்து ஓட்டினால் இதற்குத் தெரிவது கேஷ் அலோகேட்டர் வாங்கிய பெரிய துண்டுகள்தான். சூழல் மாறி மூலம் பைடார்ச்சின் கேஷை அணைத்தால் ஒவ்வொரு டென்சரும் தனித்தனிக் கூடா மேலாக் ஆகும், அப்போது பார்வை தெளிவாகும். ஆனால் வேகம் இன்னும் குறையும், நடத்தையும் உண்மையான ஓட்டத்திலிருந்து மாறும். மேலே சொன்ன ஃப்ரம் பிளாப் வகைக் கசிவைப் பிடிக்க இந்தச் சேர்க்கை மிகவும் பயன்படும்.

சி++ பக்கத்தில் எந்தக் காப்பிகளைச் சோதிப்பது என்று கேட்டால், நான் முதலில் விரல் வைப்பது காப்பி அசைன்மென்ட்டில். ஜிபியு பாயின்டரை உள்ளே வைத்திருக்கும் பஃபர் வகுப்பு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே 4 எம்பி வைத்திருக்கும் ‘அ’-வில் ‘ஆ’-வை இட்டால், புதிய பஃபர் வாங்கி காப்பி செய்யும் நிரல், ‘அ’-வின் பழைய பஃபரை விடுவிக்க மறந்தால் அது அநாதையாகிவிடும். காப்பி கன்ஸ்ட்ரக்டரை மட்டும் சோதிக்கும் டெஸ்டில் இது வராது, ஏனென்றால் அங்கே பழைய பஃபர் என்று ஒன்று இல்லை. ஆகவே குறைந்தது இவ்வளவும் டெஸ்டில் இருக்கட்டும்: நிறைந்த பஃபரின் மேல் காப்பி, காலிப் பஃபரின் மேல் காப்பி, காலியிலிருந்து நிறைந்ததற்குக் காப்பி, தன்னையே தனக்குக் காப்பி, அளவு வேறுபடும் காப்பி, அப்புறம் நடுவில் தோல்வியடையும் காப்பி.

கடைசியாகச் சொன்னதுதான் நடைமுறையில் அதிகம் கசிகிறது. இரண்டு பஃபர் வாங்க வேண்டிய இடத்தில் இரண்டாவது கிடைக்காமல் செயல்பாடு பாதியில் திரும்பினால், முதலாவதை யார் விடுவிப்பது? யூனிக் பாயின்டரில் கூடா ஃப்ரீயை டிலீட்டராக வைத்து எழுதினால் இந்தக் கேள்வியே எழாது. பழைய நிரல்களில் எழும்.

இன்னொரு வகையும் பார்க்கலாம். காப்பி கன்ஸ்ட்ரக்டரே எழுதாத வகுப்பில் இரண்டு பொருள்கள் ஒரே பாயின்டரைப் பகிர்ந்து, இருமுறை விடுவித்து, பிழை வரும். அவசரத்தில் யாராவது டிஸ்ட்ரக்டரிலிருந்து கூடா ஃப்ரீயை எடுத்துவிட்டால் பிழை நின்றுவிடும், கசிவு தொடங்கிவிடும். சானிடைசர் இதை முதல் ஓட்டத்திலேயே காட்டிக்கொடுக்கும்.

எப்போது இது சரி: சொந்தமாக ஒதுக்கி விடுவிக்கும் சி++ நிரல், நீட்சிகள். என்விடியாவுக்கு மட்டும்தான் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஏஎம்டியில் பைடார்ச் ஓட்டுபவர்களுக்கு வழி 2 அதே பெயர்களோடு அப்படியே வேலை செய்யும், இது செய்யாது.

## வழி 4: மெமரிக்கு வரம்பு போட்டு ஓடவிடுவது

எந்த எண்ணையும் பார்க்காமல், நிரலை நீண்ட நேரம் ஓட்டி, விழுகிறதா என்று பார்ப்பது. இதை மட்டம் என்று தள்ளுபவர்கள் உண்டு, நான் தள்ளமாட்டேன். முழு நிரலையும், நிஜமான டேட்டாவோடு, எல்லா லைப்ரரிகளும் சேர்ந்த நிலையில் சோதிப்பது இது ஒன்றுதான்.

கணக்கைப் பாருங்கள். 24 ஜிபி கார்டில் காப்பிக்கு 4 எம்பி கசிந்தால் நிரம்ப 6144 காப்பி வேண்டும். 1 கேபி கசிந்தால் இரண்டரைக் கோடி காப்பி. பின்னதுக்குக் காத்திருக்க முடியாது. பைடார்ச்சில் ஒரு ப்ராசஸுக்கு இத்தனை பங்கு மெமரிதான் என்று வரம்பு போடலாம். 0.05 என்று வைத்தால் அதே கார்டில் சுமார் 1.2 ஜிபி, 4 எம்பி கசிவு முந்நூற்றுச் சொச்சம் காப்பியில் மோதி விழும். இந்த வரம்பு பைடார்ச் அலோகேட்டர் வழியாகப் போவதை மட்டுமே கட்டுப்படுத்தும் என்பதை மறக்க வேண்டாம். நேரடிக் கூடா மேலாக் இதற்குள் வராது.

செலவு, ஜிபியு நேரம். வாடகை ஜிபியு என்றால் அது பணமாகவே தெரியும். விழுந்த வரிக்கும் கசிந்த வரிக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை என்பது இன்னொரு தொல்லை. கடைசியாக மெமரி கேட்டவர் பெயர்தான் பிழைச் செய்தியில் வரும்.

எப்போது இது சரி: வெளியீட்டுக்கு முன், நாள்கணக்கில் ஓடப்போகும் சேவைகளுக்கு.

## ஒரே பார்வையில்

| | டிரைவர் எண் | அலோகேட்டர் கணக்கு | சானிடைசர் | வரம்போடு ஓட்டம் |
|---|---|---|---|---|
| நுணுக்கம் | 2 முதல் 20 எம்பி தாவல் | 512 பைட் | 1 பைட் | வரம்பைப் பொறுத்தது |
| பொய் எச்சரிக்கை | அதிகம் | குறைவு, பைத்தான் ரெஃபரன்ஸைச் சரிசெய்தால் | பூல் இல்லாத நிரலில் மிகக் குறைவு | குறைவு |
| இடம் காட்டுமா | இல்லை | ஸ்னாப்ஷாட் எடுத்தால் | ஆம், ஒதுக்கிய இடம் | இல்லை |
| வேகம் | வேகம் | வேகம் | மெதுவு | மிக மெதுவு |
| இணையாக ஓட்டலாமா | தனி ஜிபியு வேண்டும் | ஓட்டலாம் | ஓட்டலாம், மெதுவாக | வரம்பு போட்டால் |
| குருட்டுப் புள்ளி | சிறு கசிவு | அலோகேட்டருக்கு வெளியே ஒதுக்கியது | பூலுக்குள் நடப்பது | மெதுவான கசிவு |

## டெஸ்டை எழுதும்போது

எந்த வழியானாலும் வரிசை ஒன்றுதான். முதலில் காப்பியைச் சில முறை சும்மா ஓட்டுங்கள். கான்டெக்ஸ்ட், கெர்னல் ஏற்றம், லைப்ரரிகளின் தற்காலிக இடம் எல்லாம் அதில் அடங்கிவிடும். அப்புறம் ஜிபியுவை சின்க்ரனைஸ் செய்து, பைத்தானில் குப்பை சேகரிப்பை ஓட்டி, எண்ணை எடுங்கள். காப்பிகளை ஓட்டுங்கள். மறுபடி சின்க்ரனைஸ், குப்பை சேகரிப்பு, எண். சின்க்ரனைஸ் விட்டுப்போனால் அசிங்க் காப்பிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணை எடுத்துவிடுவோம். கூடா மேலாக் அசிங்க் பூலும் இயல்புநிலையில் சின்க்ரனைஸ் நேரத்தில்தான் மிச்சத்தைத் திருப்பித் தருகிறது.

உச்ச அளவை இதோடு கலக்காதீர்கள். தொடர்ச்சியில்லாத டென்சரைக் காப்பி செய்யும்போது வரும் தற்காலிகப் பஃபர் மேக்ஸ் மெமரி அலோகேட்டட் எண்ணில் தெரியும். அது கசிவல்ல, ஆனால் பெரிய மாடலில் ஓட்டத்தையே நிறுத்தலாம். அதற்குத் தனி டெஸ்ட் எழுதுவது நல்லது.

## யாருக்கு எது

பைத்தானில் மட்டும் பைடார்ச் எழுதுபவர் என்றால் வழி 2-ஐ ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓடும் டெஸ்டுகளில் வையுங்கள். அதுவே போதும். விழும்போது ஸ்னாப்ஷாட் எடுங்கள்.

சொந்தச் சி++ நீட்சி இருந்தால் வழி 2-ஓடு, இரவில் ஓடும் சானிடைசர் சோதனையும் கட்டாயம். இரண்டில் ஒன்றை விட்டாலும் ஒரு பக்கம் இருட்டு.

பைத்தானே இல்லாத கூடா நிரல் என்றால் சானிடைசர்தான் அடிப்படை. சொந்தப் பூல் வைத்திருந்தால் அந்தப் பூலிலேயே வாங்கியது, கொடுத்தது என்று இரண்டு எண்ணிகளைச் சேருங்கள். சின்ன வேலை, பெரிய பயன்.

பல லைப்ரரிகள் கலந்த சேவை என்றால் வழி 4-ஐ வெளியீட்டுக்கு முன்பும், டிரைவர் எண்ணை உற்பத்தியில் கண்காணிப்பாகவும் வையுங்கள்.

வல்கனில் எழுதுபவர்களுக்கு இதே சிந்தனை பொருந்தும். பஃபரை ஜிபியுவுக்குக் கொண்டுபோகும் ஸ்டேஜிங் பஃபரை விடுவிக்க மறப்பதுதான் அங்கே வழக்கமான கசிவு. ஏஎம்டி வெளியிட்ட வல்கன் மெமரி அலோகேட்டரைப் பயன்படுத்தினால், அலோகேட்டரை மூடும்போது விடுவிக்கப்படாத ஒதுக்கீடு இருந்தால் டீபக் பில்டில் அசெர்ட் விழும். ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் பெயர் வைத்துவிட்டால் புள்ளிவிவர அறிக்கையில் எது என்றும் தெரியும். வேலிடேஷன் லேயரை (வல்கன் அழைப்புகளைச் சரிபார்க்கும் அடுக்கை) இயக்கி வைத்தால் டிவைஸை அழிக்கும்போது மிச்சமிருக்கும் பொருள்களைப் பட்டியலிடும். டெஸ்டில் இரண்டையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் பொதுவான ஓர் ஓட்டை மிச்சமிருக்கிறது: கணினிப் பக்கத்துப் பின்டு மெமரி (இடம் மாறாதபடி பூட்டி வைக்கும் மெமரி). வேகமான காப்பிக்காக வாங்கும் இந்த இடம் ஜிபியுவில் இல்லை, ராமில் இருக்கிறது. ஆகவே மேலே சொன்ன ஜிபியு எண்கள் எதிலும் வராது. பைடார்ச் இதற்கும் தனி கேஷ் வைத்திருக்கிறது, இயல்பாக அளவை இரண்டின் அடுக்குக்கு உயர்த்தியே வாங்குகிறது. 65 எம்பி கேட்டால் 128 எம்பி போகும். பின்டு பஃபரை ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக வாங்கும் நிரலாக இருந்தால், ப்ராசஸின் ராம் பயன்பாட்டையும் அதே 100, 200, 300 என்ற மூன்று இடங்களில் எடுத்து, அதே டெஸ்டில் சேர்த்துவிடுங்கள்.